சொல்லும் வாழ்வும்: பிரெஞ்சு மொழியின் முதற்படி



தாய் ஒருவர் எமக்கு வரைந்த மடல் இத்திங்களின் கட்டுரைக்கு வித்தாயிற்று. அவருடைய மூத்த மகள் கன்னியர் சபை ஒன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தவர். பிரான்சு நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிய அவரை அனுப்புவதெனச் சபைத் தலைவியர் முடிவு செய்துள்ளனர். புறப்பட இன்னும் நான்கு திங்களே உள்ளன. “என் மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. படுக்கையில் கிடக்கும் முதியவர்களிடம் அவள் எப்படிப் பேசுவாள்? ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?” என்று அந்த அம்மையார் கேட்கிறார்.

இக்கேள்வி அவருடையது மட்டும் அன்று. நம் பங்குகளில் பள்ளியிலோ கல்லூரியிலோ பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்துள்ள பிள்ளைகள் பலர். லூர்து நகருக்குத் திருயாத்திரை செல்லும் ஆசையோடு காசு சேர்த்து வரும் குடும்பங்களும் உண்டு. ஆகவே, ஆங்கிலம் ஓரளவு அறிந்த ஒருவர் பிரெஞ்சு மொழியின் வாயிற்படியில் நின்று அறிய வேண்டிய முதற் சொற்கள் எவை என்பதை இத்திங்களில் ஆராய்வோம். அச்சொற்களில் ஒன்று நம் இல்லங்களுக்கே ஒரு பாடம் கற்பிக்கவல்லது. அதனை இறுதியில் காண்போம்.

அறிந்த சொற்களே ஆயிரம்

முதலில் அந்த அம்மையாருக்கு ஓர் ஆறுதல் மொழி. ஆங்கிலம் அறிந்தவர் எவரும் பிரெஞ்சு அறவே அறியாதவர் அல்லர். ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரெஞ்சு வழியே வந்தது என அறிஞர் மதிப்பிடுவர்.

இது நேர்ந்த வரலாறு சுவையானது. 1066ஆம் ஆண்டில் பிரான்சின் வட பகுதியாகிய நார்மண்டியின் கோமகன் வில்லியம் படையோடு கடல் கடந்து இங்கிலாந்தை வென்றார். அதன் பின் ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சே கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடச் சட்டம் பிறந்தது 1362ஆம் ஆண்டிலேதான். ஆள்வோர் பிரெஞ்சு பேசினர். ஏரோட்டியவரும் ஆடு மேய்த்தவரும் ஆங்கிலம் பேசினர்.

இதன் அடையாளத்தை இன்றும் உணவு மேசையில் காணலாம். தொழுவத்தில் நிற்கும் வரை பசுவுக்கு ஆங்கிலத்தில் ‘கவ்’ என்று பெயர். சமைத்துத் தட்டில் வைத்ததும் அது ‘பீஃப்’ ஆகிவிடுகிறது. ‘கவ்’ மேய்த்தவன் சொல். ‘பீஃப்’ உண்டவன் சொல், பிரெஞ்சில் ‘பெஃப்’. பன்றிக்கு ‘பிக்’, அதன் இறைச்சிக்கு ‘போர்க்’. செம்மறி ஆட்டுக்கு ‘ஷீப்’, அதன் இறைச்சிக்கு ‘மட்டன்’. செம்மறி ஆட்டைப் பிரெஞ்சுக்காரர் ‘முத்தோன்’ என்பர். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் நாம் வாங்கி வரும் ‘மட்டன்’, நார்மண்டியிலிருந்து இங்கிலாந்து சென்று, அங்கிருந்து கப்பலேறி நம் அடுக்களைக்கு வந்த சொல்!

திருச்சபைச் சொற்களிலும் இவ்வுறவு நன்கு விளங்கும். ஆங்கிலத்தில் ‘சாக்ரமெண்ட்’, ‘சேரிட்டி’, ‘கிரேஸ்’, ‘மிராக்கிள்’, ‘ஏஞ்சல்’, ‘வெர்ஜின்’, ‘பேரிஷ்’ என்கிறோம். இவற்றுக்கு இணையான பிரெஞ்சுச் சொற்கள் முறையே ‘சக்ரெமான்’, ‘ஷரித்தே’, ‘க்ராஸ்’, ‘மிராக்ல்’, ‘ஆன்ஜ்’, ‘வியேர்ஜ்’, ‘பருவாஸ்’ என்பன. எழுதிப் பார்த்தால் இவை உடன்பிறப்புகள் என்பது கண்ணுக்குத் தெரியும். காதுக்குத்தான் புதிதாக ஒலிக்கும். ஆகவே புதிதாகக் கற்பவர் முதலில் கண்ணால் படித்துப் பழகிப் பிறகு காதைப் பழக்குவது நலம். சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்யெழுத்தைப் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்ற ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பாரிஸ் நகரை அவர்கள் ‘பரி’ என்றே சொல்கின்றனர்.

இரண்டாவது விதி, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னொட்டோடு சேர்த்து மனனம் செய்வதாகும். தமிழில் மேசையும் நாற்காலியும் அஃறிணை. பிரெஞ்சிலோ ஒவ்வொரு பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால். ஆண்பாலுக்கு ‘லெ’, பெண்பாலுக்கு ‘லா’ முன்னே வரும். ‘லெ பேர்’ என்றால் தந்தை. ‘லா மேர்’ என்றால் தாய். ‘லெ ஃப்ரேர்’ சகோதரன். ‘லா செர்’ சகோதரி. அங்கே குருவானவரை ‘மோன் பேர்’ என்பர், என் தந்தையே என்பது பொருள். கன்னியரை ‘மா செர்’ என்பர், என் சகோதரியே என்பது பொருள். மடல் வரைந்த அம்மையாரின் மகளை அந்த முதியோர் இல்லத்தில் இப்படித்தான் அழைப்பார்கள். எனவே முதலில் அவர் பழக வேண்டியது தம் புதிய பெயரையே.

முகம் ஒன்று, பொருள் வேறு

இனி ஓர் எச்சரிக்கை. ஒரே முகத்தோடு நின்று வேறு பொருள் தரும் சொற்களும் உண்டு. ஆங்கிலம் அறிந்தவர் இடறி விழுவது இவற்றில்தான்.

‘லிப்ரேரி’ என்றால் நூலகம் அன்று, புத்தகக் கடை. நூலகத்தை ‘பிப்லியோத்தெக்’ என்பர். ‘தெமாந்தே’ என்பது ஆங்கில ‘டிமாண்ட்’ போல அதட்டிக் கேட்பது அன்று. பணிவாகக் கேட்பதற்கும் அதுவே சொல். ‘அசிஸ்தே’ என்றால் உதவி செய்வது மட்டும் அன்று. திருப்பலியில் பங்கெடுப்பதற்கும் அச்சொல்லையே ஆளுவர். ‘ஆத்தாந்த்ர்’ என்பது ஆங்கில ‘அட்டெண்ட்’ போலத் தோன்றும், பொருளோ ‘காத்திருத்தல்’.

ஆங்கிலத்தில் ‘பிளெஸ்’ என்றால் ஆசீர்வதிப்பது. பிரெஞ்சில் ‘பிளெசே’ என்றாலோ காயப்படுத்துவது! ஆசீர்வதிப்பதற்குரிய சொல் ‘பெனீர்’. ஒரு முதியவரிடம் “இறைவன் உங்களை ஆசீர்வதிக்கட்டும்” என்று சொல்ல எண்ணி ஆங்கிலச் சொல்லைப் பிரெஞ்சாக்கிச் சொன்னால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் ‘பெயின்’ என்று நாம் படிக்கும் அதே நான்கு எழுத்துகள் பிரெஞ்சில் அப்பத்தைக் குறிக்கும். கர்த்தர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் வருவது இச்சொல்லே. ஆங்கிலக் கண்ணுக்கு வலியாகத் தோன்றுவது அங்கே அப்பமாகிறது! இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற வழக்கு. அந்தப் ‘பாண்’, பிரெஞ்சு அப்பம் இரண்டுக்கும் லத்தீனில் ஒரே தாய்ச்சொல்தான்.

ஆங்கிலத்தில் ‘சேர்’ என்றால் நாற்காலி. அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் ‘ஷேர்’ என்று ஒலித்தால் ஊனுடல் என்று பொருள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வாக்கானவர் மனிதரானதைச் சொல்லும் இடத்தில் இச்சொல்லே நிற்கிறது. கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் அந்த வாசகத்தைக் கேட்டு, நாற்காலிக்கு இங்கே என்ன வேலை என்று மலைக்க வேண்டாம்.

‘பெத்தி’ என்றால் சிறியது, பெண்பாலில் ‘பெத்தீத்’. ஆங்கிலத்துக்குள் சென்ற இச்சொல் ‘பெட்டி’ என்றாகி அற்பம், சில்லறைத்தனம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. பிரெஞ்சிலோ அது அன்பு தோய்ந்த சொல்லாகவே நின்றது. 1873 முதல் 1897 வரை, 24 ஆண்டுகளே வாழ்ந்த லிசியே நகர்ப் புனித தெரேசம்மாள், தம் ஆன்மீக நெறிக்கு இச்சொல்லால்தான் பெயரிட்டார். அதனைச் ‘சிறிய வழி’ என்று நாம் அறிவோம். ஒரு மொழியில் இகழ்ச்சியாகிவிட்ட சிறுமை, மற்றொரு மொழியில் புனிதத்தின் பாதையாயிற்று.

‘கியூரே’ என்னும் சொல்லும் அத்தகையதே. பங்குத்தந்தையை அவ்வாறு அழைப்பர். ஆர்ஸ் என்னும் சிற்றூரில் 1818 முதல் 1859இல் இறக்கும் வரை ஆன்மாக்களைப் பேணிய புனித ஜான் மரிய வியான்னியை உலகம் ‘ஆர்ஸின் கியூரே’ என்றே அறியும். ஆங்கிலத்தில் ‘கியூர்’ என்றால் நோய் தீர்த்தல். இரண்டும் ‘அக்கறையோடு பேணுதல்’ என்னும் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை.

கிழமைகளும் எண்களும்

கிழமைகளைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நற்செய்தி உண்டு. இங்கே ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழே சிறந்த துணை. ஆங்கிலேயரின் செவ்வாயும் புதனும் வியாழனும் வெள்ளியும் பழைய வடநாட்டுத் தெய்வங்களின் பெயரைத் தாங்கியவை. பிரெஞ்சிலோ, தமிழிற்போலவே, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்களும் வானத்தின் ஒளிகளால் பெயர் பெற்றவை. ‘லன்தி’ திங்கள், ‘மர்தி’ செவ்வாய், ‘மெர்க்ரெதி’ புதன், ‘ஜெதி’ வியாழன், ‘வான்த்ரெதி’ வெள்ளி. கோளுக்குக் கோள் பொருந்தி வருவதைக் காணலாம்.

எஞ்சிய இரு நாள்களில் மறைநூல் புகுந்துவிட்டது. சனிக்கிழமை ‘சம்தி’; அது யூதர்களின் ஓய்வு நாளாகிய ‘சாபாத்’ என்பதிலிருந்து வந்தது. ஞாயிறு ‘திமான்ஷ்’, அதன் மூலப்பொருள் ‘ஆண்டவருடைய நாள்’. நாமும் ஆங்கிலேயரும் அந்நாளைச் சூரியனுடையது என்கிறோம். பிரான்சில் கோயிலுக்குச் செல்லாதவர்கூட அந்நாளின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், தம்மை அறியாமலே அது யாருடைய நாள் என்று அறிக்கையிடுகிறார்!

எண்களில் 69 வரை தொல்லை இல்லை. 70 என்பதை ‘அறுபதும் பத்தும்’ என்பர். 80 என்பதை ‘நான்கு இருபதுகள்’ என்பர். 90 என்பது ‘நான்கு இருபதுகளும் பத்தும்’. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பழைய ஆங்கில விவிலியத்தின் திருப்பாடலிலும் மனிதனின் ஆயுள் ‘மூன்று இருபதும் பத்தும்’ என்றே எண்ணப்படுகிறது. முதியோர் இல்லத்தில் வயதைக் கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ‘கத்ர் வேன்’ என்று, அதாவது ‘நான்கு இருபது’ என்று, தொடங்கும். ஆகையால் இதனை முன்னரே பழகிக்கொள்வது நல்லது.

மரியாதைச் சொற்கள்

எந்த மொழியையும் கற்கத் தொடங்குபவர் முதலில் கற்க வேண்டியவை பொருள்களின் பெயர்கள் அல்ல, மரியாதைச் சொற்களே. பத்து மரியாதைச் சொற்களை அறிந்தவரை எந்த ஊரிலும் மக்கள் வரவேற்பர். நூறு பெயர்ச்சொற்களை அறிந்தும் இவற்றை அறியாதவர் அங்காடியில் வாங்கத்தான் முடியும். எவருடைய வீட்டிலும் அமர முடியாது. பிரான்சில் கடைக்குள் நுழைபவர் முதலில் வணக்கம் கூறுவதே முறை. வணக்கம் கூறாமல் விலை கேட்பதைப் பண்பின்மையாகவே கருதுவர்.

இச்சொற்களை உற்று நோக்கினால் பல செபங்கள் மறைந்திருக்கக் காணலாம். ‘மெர்சி’ என்றால் நன்றி. ஆங்கிலத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ‘மெர்சி’யும் இதுவே. கைம்மாறு என்னும் பொருளுடைய லத்தீன் சொல் ஒன்று, அருள் என்றும் இரக்கம் என்றும் வளர்ந்து, ஆங்கிலத்தில் இரக்கமாகவே நிலைத்தது. பிரெஞ்சில் நன்றியாகக் கனிந்தது. இரக்கம் பெற்றவன் சொல்வது நன்றி அன்றோ!

விடைபெறும்போது சொல்வது ‘ஓ ரெவுவார்’. மீண்டும் காணும் வரை என்பது பொருள். ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்னும் நம் மரபை இது ஒத்திருக்கிறது. நெடும் பிரிவுக்கு உரிய சொல் ‘அதியே’. ‘தியே’ என்றால் கடவுள். கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்பதே இதன் கருத்து. ஆங்கில ‘குட்பை’யும் ‘கடவுள் உங்களோடு இருப்பாராக’ என்னும் தொடரின் சுருக்கமே. நம் பெரியோர் குருவானவரைக் கண்டதும் “தோத்திரம் சாமி” என்று இறைவனின் புகழைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவர். தொடக்கத்திலும் முடிவிலும் கடவுளை நிறுத்தும் வழக்கம் எல்லா நாட்டுக் கிறிஸ்தவர்க்கும் பொதுவானது போலும்.

‘சில் வூ ப்ளே’ என்றால் ‘தயவு செய்து’. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘உங்களுக்கு விருப்பமானால்’. நம் திருமண அழைப்பிதழ்களின் ஆங்கிலப் பக்கத்தில் ‘ஆர்.எஸ்.வி.பி.’ என்று அச்சிடுகின்றனரே, அது ‘விருப்பமானால் மறுமொழி தாருங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள்தான். அதன் முன் ‘ப்ளீஸ்’ என்று சேர்ப்பவர், தயவு செய்து என்பதை இருமுறை சொல்லிவிடுகின்றனர்!

மனனம் செய்தற்குரிய சொற்களைக் கீழே தருகிறோம். ‘போன்ஜூர்’ என்பதில் வரும் ‘ஜூ’ ஒலியை ஆங்கில ‘பிளெஷர்’ என்னும் சொல்லின் நடுவொலி போல மென்மையாக ஒலிக்க வேண்டும்.

போன்ஜூர் – வணக்கம் (பகலில்)
போன்சுவார் – வணக்கம் (மாலையில்)
சில் வூ ப்ளே – தயவு செய்து
மெர்சி – நன்றி
பர்தோன் – மன்னியுங்கள்
வுய் – ஆம்
நோன் – இல்லை
பென் – அப்பம் (மூக்கொலியோடு)
ஓ – நீர்
மேன் – கை (மூக்கொலியோடு)
நொயெல் – கிறிஸ்து பிறப்பு விழா
பாக் – உயிர்ப்பு விழா
ஓ ரெவுவார் – போய் வருகிறேன்

நீயும் நீங்களும்

இனி, தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்த ஒரு சொல்லுக்கு வருவோம். ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைப் பிரெஞ்சு மொழி மிகவும் தடுமாறச் செய்யும் இடம் இது. ஆங்கிலத்தில் எதிரே நிற்பவர் எவராயினும் ‘யூ’ ஒன்றே. பிரெஞ்சிலோ ‘த்யு’ என்றும் ‘வூ’ என்றும் இரண்டு உண்டு. நெருங்கியவர், சிறுவர் ஆகியோருக்கு ‘த்யு’. பெரியவர், அறியாதவர் ஆகியோருக்கு ‘வூ’. ஆங்கிலேயர் இதனைக் கற்கப் பல பக்கங்கள் படிக்க வேண்டும். நமக்கோ ஒரே வரியில் விளங்கிவிடும்: ‘த்யு’ என்பது ‘நீ’, ‘வூ’ என்பது ‘நீங்கள்’.

ஆங்கிலத்திலும் பண்டு ஒருமைக்குத் ‘தௌ’ என்னும் சொல் இருந்தது. பிரெஞ்சு அரசவையின் வழக்கத்தைப் பின்பற்றிப் பெரியோரைப் பன்மையால், அதாவது ‘யூ’ என்று, அழைக்கத் தொடங்கினர். நாளடைவில் எல்லாரையும் அவ்வாறே அழைக்க, ‘தௌ’ பேச்சில் மறைந்து பழைய செபங்களில் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே ஆங்கிலம் மரியாதையை இழந்த மொழி என்று சிலர் நினைப்பது தவறு. அம்மொழி அனைவரையும் ‘நீங்கள்’ என்றே அழைக்கிறது!

பிரெஞ்சுப் புரட்சியின்போது இதற்கு நேர்மாறான முயற்சி நடந்தது. 1793ஆம் ஆண்டில், மனிதர் யாவரும் சமம் என்று காட்ட, எல்லாரையும் ‘த்யு’ என்றே அழைக்க வேண்டுமெனப் புரட்சியாளர் வற்புறுத்தினர். அவ்வழக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. சமத்துவத்துக்கு இரு வழிகள் உண்டு போலும்: எல்லாரையும் ‘நீ’ என்று தாழ்த்துவது ஒன்று, எல்லாரையும் ‘நீங்கள்’ என்று உயர்த்துவது மற்றொன்று.

செபத்தில் இச்சொற்கள் நடக்கும் நடையும் கருதத்தக்கது. பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் விண்ணகத் தந்தையை ‘வூ’ என்றே விளித்துச் செபித்தனர். 1966ஆம் ஆண்டு முதல், பிற கிறிஸ்தவ சபையாரோடு ஒன்றாகச் செபிக்கும் பொருட்டு அமைத்த மொழிபெயர்ப்பில், அது ‘த்யு’ என மாறியது. மகன் தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசும் நெருக்கம் அதில் உண்டு. அருள் நிறைந்த மரியே செபத்திலோ ‘வூ’ என்னும் சொல்லே நிற்கிறது. அன்னையை இன்றும் அவர்கள் ‘நீங்கள்’ என்றே வாழ்த்துகின்றனர். நாமோ தமிழில், நெருக்கமும் மரியாதையும் கலந்த ‘நீர்’ என்னும் அழகிய சொல்லைச் செபத்துக்கென்றே பேணி வைத்துள்ளோம்.

கெபியில் ஒலித்த சொல்

நம் பங்குக் கோயில்கள் பலவற்றின் முற்றத்தில் லூர்து அன்னையின் கெபி உண்டு. புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரில் லூர்தன்னையின் திருத்தலமே இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாள் திருவிழாக் கொண்டாடுகிறோம். ஆயினும் அந்த அன்னை பெர்னதெத்திடம் எவ்வாறு பேசினாள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1858ஆம் ஆண்டில் பெர்னதெத்துக்கு வயது 14. தந்தை தொழிலிழந்த ஆலைக்காரர். ஒரு காலத்தில் சிறைக்கூடமாக இருந்து, கைதிகளுக்கும் ஆகாதெனக் கைவிடப்பட்ட ஓர் அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. பெர்னதெத்துக்கு மூச்சிரைப்பு நோய். எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் தெரியாது! அவள் பேசியது பிரனேய மலையடிவாரத்தின் வட்டார மொழி. ஞானோபதேசம் பிரெஞ்சில் இருந்தமையால் அவளுக்கு அது மனத்தில் பதியவில்லை; புது நன்மை வாங்குவதும் தள்ளிப் போயிற்று. ஊரார் கண்ணுக்கு அவள் ஒன்றுமில்லாதவள்.

பிப்ரவரி 18ஆம் நாள், மூன்றாம் காட்சியின்போது, அன்னை முதன்முறையாக வாய் திறந்து பேசினாள். பெர்னதெத்தின் வீட்டு மொழியிலேயே பேசினாள். பதினைந்து நாள்கள் இங்கே வரும் தயவைச் செய்வீர்களா என்பதே அவள் கேட்டதன் கருத்து. அன்னை ‘நீ வா’ என்று கட்டளையிடவில்லை. அம்மொழியிலும் ‘த்யு’, ‘வூ’ போன்ற இருவகைச் சொற்கள் உண்டு. ஆலைக்காரனின் எழுத்தறியாத மகளை விண்ணக அரசி அழைத்தது மரியாதைச் சொல்லால்! செல்வச் சீமாட்டிக்கு உரிய மொழியைக் கந்தையுடுத்த சிறுமிக்கு வழங்கினாள்.

மார்ச்சு 25ஆம் நாள், அமலோற்பவம் நாமே என்று தன் பெயரை அறிவித்தபோதும் அன்னை அந்த ஏழை மொழியையே தேர்ந்தாள். பொருள் விளங்காத அச்சொல்லை மறந்துவிடாமலிருக்க, பெர்னதெத் வழிநெடுகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பங்குத்தந்தையிடம் ஓடினாள். கெபியில் உள்ள திருச்சுரூபத்தின் அடியில் அவ்வாசகம் இன்றும் அந்த வட்டார மொழியிலேயே பொறித்திருக்கிறது.

பெர்னதெத் பின்னர்ப் பிரெஞ்சு மொழியைக் கற்றாள். 1866ஆம் ஆண்டில் நெவேர் நகரின் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே நோயாளிகளைப் பேணும் பணி செய்தாள். தாய்மொழி வழங்காத ஊரில், கற்ற மொழியில், பிணியாளரின் படுக்கை அருகே நின்ற புனிதை அவள். மடல் வரைந்த அம்மையாரே, உங்கள் மகள் செல்லும் பாதையில் முன்பே ஒருத்தி நடந்திருக்கிறாள்.

நம் இல்லங்களில்

இப்போது நம் வீட்டுப் படியேறுவோம். நம் இல்லத்தில் ‘நீங்கள்’ யாருக்கு, ‘நீ’ யாருக்கு?

அலுவலர் வந்தால் ‘நீங்கள்’. ஆசிரியர் வந்தால் ‘நீங்கள்’. பாத்திரம் துலக்க வரும், நம் தாயின் வயதுடைய பெண்மணிக்கோ ‘நீ’. தெருவைக் கூட்டும் முதியவரை நம் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் ‘வா, போ’ என்கிறான். நாம் கேட்டுக்கொண்டே அமர்ந்திருக்கிறோம். ஆலயத்தில் மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, நமக்கு முன்னே எழுந்து நமக்குப் பின்னே உறங்கச் செல்லும் கோயிற்பிள்ளையை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? சாதியைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டோம் என்று பெருமை பேசுகிறோம். அது நாவில் ஓர் எழுத்தாக ஒளிந்து உள்ளே வந்துவிடுகிறது. ஒரே திவ்விய நற்கருணையை வாங்கிய இருவர், ஆலயப் படியிறங்கியதும் ஒருவர் ‘நீங்கள்’ ஆகவும் மற்றவர் ‘நீ’ ஆகவும் மாறிவிடுவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

அன்பின் ‘நீ’யை நாம் குறை கூறவில்லை. தாயைக் குழந்தை ‘நீ’ என்பதிலும், நண்பர் இருவர் ‘நீ’ என்பதிலும் இனிமையே உண்டு. அது இருபுறமும் செல்லும் சொல். ஒரு புறம் மட்டும் செல்லும் ‘நீ’யே காயப்படுத்துவது. அங்கே ஆசீர்வதிக்க வேண்டிய நாவு ‘பிளெசே’ செய்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு ‘தேங்க் யூ’, ‘சாரி’, ‘மெர்சி’ என்னும் அயல்மொழிச் சொற்களை ஆர்வத்தோடு கற்பிக்கிறோம். விருந்தினர் முன் சொல்லச் செய்து மகிழ்கிறோம். நல்லதே. ஆனால் தாய்மொழியில் உள்ள ஒரு ‘நீங்கள்’ என்னும் சொல்லை, அதற்கு உரிய எளியவரிடம் சேர்க்கக் கற்பித்தோமா? அதற்கு எந்த அகராதியும் வேண்டா. பள்ளிக் கட்டணமும் வேண்டா.

அம்மையாருக்கு எம் மறுமொழி இதுவே. உங்கள் மகள் நாள்தோறும் ஐந்து சொற்கள் வீதம் கற்கட்டும். நான்கு திங்களில் அறுநூறு சொற்கள் ஆகிவிடும். பேசுகையில் பிழை நேரும், நேரட்டும். படுக்கையில் இருக்கும் முதியவர் இலக்கணப் பிழையை மன்னித்துவிடுவார். தம்மை இன்னும் ஒரு மனிதராக மதித்து ‘வூ’ என்று அழைத்துக் கையைப் பற்றிக்கொள்பவரை அவர் ஒருநாளும் மறக்கமாட்டார். அச்சொல்லை உங்கள் மகள் பிரான்சு நாட்டில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் வீட்டு வேலைக்கு வருபவரை அழைக்கும் முறையைக் கண்டு, சிறுவயதிலேயே கற்றிருப்பாராயின், அவர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது.

வாசகர்களே, இத்திங்களில் நாம் ஒன்று செய்வோம். இதுகாறும் ‘நீ’ என்று அழைத்து வந்த எளியவர் ஒருவரை நாளை முதல் ‘நீங்கள்’ என்று அழைப்போம். முதல் நாள் நம் நாவு கூசும். அவரும் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையில், மசபியேல் குகையின் முன் முழந்தாளிட்டு நின்ற ஓர் ஏழைச் சிறுமியின் பார்வையை நாம் காணக்கூடும்.

லூர்து அன்னையே, எளியவரோடு பேசும் முறையை எங்கள் நாவுக்குக் கற்பித்தருளும்!